பனி டயர் அக்கா

எங்கள் வீட்டுக்கு முதன்முறை வந்த அன்று அக்கா உடனே உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். ஒரு காலை மிதித்துப் பார்த்தார். பிறகுதான் அமர்ந்தார்.

"கதிரை நல்ல கதிரைதான். குறை நினையாதையும், எனக்கு இப்பிடி ஒரு பழக்கம்."

நான் குறை நினைக்கவில்லை. பயந்துதான் போனேன். பழைய சாமான் கடையில் வாங்கிய நாற்காலி அது. என் மகன் அதன்மேல் ஏறித்தான் ஜன்னலை எட்டிப் பார்ப்பான். அவர் போனதும் நானும் அதே போல ஆட்டிப் பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன்.

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். கணவர் பல்கலைக்கழகத்தில் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். மெல்பேர்னுக்கு வருமுன் அவர்கள் கனடாவில், வருடத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் ஓர் ஊரில் இருந்தார்கள். இப்போது மறுபடி அங்கேயே போய்விட்டார்கள். மெல்பேர்னில் இருந்தபோது, மல்கிரேவ் என்ற பகுதியில் எங்களுக்கு அடுத்த தெரு. அந்தப் பக்கத்தில் அப்போது வீடுகள் பாதி, முட்டைக்கோஸ் தோட்டங்கள் பாதி. கடையில் யாராவது தமிழில் பேசுவது காதில் விழுந்தால் கூடையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பெயர் கேட்போம். அப்படிக் கிடைத்தவர்தான் அக்கா.

அவருக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். நிற்குமா?

ஊஞ்சல் வாங்கினோம் என்றால், எவ்வளவு உயரம் போகும் என்று கேட்க மாட்டார். பிடித்தால் நிற்கிறதா என்று பார்ப்பார். என் பிரஷர் குக்கர் மூன்று தெருவுக்குக் கேட்கும்படி விசில் அடிப்பதை நான் பெருமையாகச் சொன்னபோது, எழுந்து வந்து அடுப்பை அணைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார். "கத்துறது பெரிசில்லை. நெருப்பை நிப்பாட்டினா எவ்வளவு கெதியா அடங்குது? அதுதான் சாமான்." பொங்கல் விழாவில் ஒருவர் மேடையேறிப் பேசிக்கொண்டே போனபோது என் காதருகே குனிந்தார். "நல்ல என்ஜின். பிரேக் இல்லை."

காரில் அவர் செய்வது இன்னும் மோசம். எங்கே கிளம்பினாலும், ஆளில்லாத முதல் நேர் ரோட்டில் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டு பிரேக்கை ஒரே மிதி மிதிப்பார். முதல் தடவை எனக்குத் தெரியாது. மடியில் மகன், காலடியில் சாம்பார்த் தூக்கு. சாம்பார் முழுவதும் என் புடவையில். மகன் கைகொட்டிச் சிரித்து, "இன்னொருக்கா!" என்றான்.

"நிக்குது," என்றார் அக்கா திருப்தியாக. "இனிப் பயமில்லாமல் போகலாம்."

எனக்குத்தான் பயம் அன்று ஆரம்பித்தது. கொஞ்ச நாள் சாக்குச் சொல்லி அவர் வண்டியில் ஏறாமல் இருந்தேன். குழந்தையை வைத்துக்கொண்டு இப்படி ஓட்டுகிறவர் எப்படிப்பட்டவர் என்று என் கணவரிடம் புலம்பினேன். அவர் யோசித்துவிட்டு, "நம்ம கார் நிற்குதான்னு நாம என்னைக்காவது பார்த்திருக்கோமா?" என்று கேட்டார். அன்றைக்குத் தூக்கம் போயிற்று.

அக்காவின் வண்டி உயரமானது. நான்கு சக்கரமும் இழுக்கும். நாங்கள் எல்லாரும் அதை ஜீப் என்போம், அவர் "ஜீப் இல்லை" என்று ஒவ்வொரு முறையும் திருத்துவார். அதற்கென்று பனி டயர் நான்கு தனியாக வைத்திருந்தார். கோடையில் அவை அவர் வீட்டுக் கூடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மேலே ஒரு கண்ணாடிப் பலகை, அதன்மேல் பூ வேலை செய்த துணி, துணியின் மேல் குத்துவிளக்கு. புதிதாக வந்தவர்கள் அந்த மேசையில் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்துத் திடுக்கிடுவார்கள்.

"வெளியிலை வெயில்லை போட்டா இந்த றப்பர் இறுகிப் போம்," என்பார். "இது மெத்தெண்டு இருக்கவேணும். குளிரிலை மற்ற ரயர் கல்லு மாதிரி ஆகும், இது ஆகாது. இஞ்சை தொட்டுப் பாரும், கத்தியாலை கீறினது மாதிரி எத்தனை சின்ன வெட்டு. ஒவ்வொண்டும் பனியைக் கடிக்கும்."

ஆனி பிறந்து இங்கே குளிர்காலம் தொடங்கினால் மேசை காணாமல் போய்விடும். டயர்கள் வண்டிக்குப் போயிருக்கும், குத்துவிளக்கு தரைக்கு வந்திருக்கும். "பனியைக் காணாட்டி எனக்குக் குளிர்காலம் வந்த மாதிரியே இல்லை," என்று சனி ஞாயிறுகளில் கணவரைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போவார்.

எங்கள் ஆண்களுக்கு இது பெரிய வேடிக்கை. "மெட்ராஸ்ல கம்பளிக் கடை வச்ச கதையா இருக்கே," என்பார் ஒருவர். "நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கு டயர் வேற தனியா வேணுமா?" என்பார் இன்னொருவர்.

அக்கா கோபப்பட மாட்டார். "இழுக்கிறதுக்கு எனக்கு நாலு, உங்களுக்கு ரெண்டு. சரி. நிக்கிறதுக்கு? உங்கட சின்னக் காருக்கும் நாலு சக்கரம்தான், என்ரைக்கும் நாலுதான். என்ரை பாரம் வேறை கூட. மேலை ஏத்துறது என்ஜின், அண்ணை. நிப்பாட்டுறது ரயர்."

என் கொழுந்தனுக்குப் பெண் பார்த்தபோதும் அக்காவிடம் இதே கதைதான். பெண் மலேசியாவில் ஈப்போவில் பிறந்தவள், மெல்பேர்னில் நர்ஸ். நான் சந்தோஷமாகப் போய் மாப்பிள்ளையின் படிப்பு, மலையில் அணைக்கட்டு வேலை, குணம் எல்லாம் சொன்னேன்.

"கோபம் வருமோ?"

"கொஞ்சம் வரும்," என்றேன். கொஞ்சம் இல்லை. காலேஜ் நாளில் சங்கிலி கழன்றதற்காகச் சைக்கிளைக் கிணற்றில் போட்டவர்.

"வந்தா நிக்குமோ?"

"அவர் என்ன வண்டியா அக்கா?"

"வாகனமெண்டா நானே ஒருக்கா ஓடிப் பாத்திருப்பன்," என்று பெருமூச்சு விட்டார். எனக்கு அன்றைக்கு அவர்மேல் வருத்தம். ஆனால் கேள்வி உள்ளே இறங்கிவிட்டது. அந்தப் பெண்ணின் சாந்தமான முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், நாம் சரியாகத்தான் செய்கிறோமா என்று குடைந்துகொண்டே இருந்தது.

கல்யாணம் ஆனியின் கடைசி முகூர்த்தத்தில், மாலை நேரத்தில். அதை விட்டால் ஆடி. ஆடியில் தாலி கட்ட முடியாது, ஆவணிவரை பெண்ணின் அப்பா அம்மா இங்கே தங்க முடியாது, அவர்கள் இல்லாமல் பெண் மணையில் உட்கார மாட்டாள். ஊரிலிருந்து மாமியாரால் வர முடியவில்லை. 'அண்ணி என்றால் தாய்க்குச் சமம், நீ முன்னால் நின்று நடத்து' என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரி என் முதுகில் அரிசி மூட்டையாக உட்கார்ந்திருந்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, மலைமேல் வேலையிடத்திலிருந்து கொழுந்தனின் போன். "அண்ணி, ராத்திரி முழுக்கப் பனி. பஸ் வராதாம். ஒரு காரும் ஏற முடியல."

என் கணவருக்கு மண்டபம், சமையல், ஐயர் எல்லாம் தலைமேல். நான் போனை வைத்துவிட்டு நின்ற நிலையைப் பார்த்து மகன் அழ ஆரம்பித்தான். அவனைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓடினேன்.

அக்கா கதவைத் திறந்தபோதே குத்துவிளக்கு தரையில் இருந்தது. என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

"மாப்பிள்ளை அழைப்புக்கு ஆர் போறது?" என்றார், எல்லாம் கேட்டு முடித்து.

"பெரியவங்க யாராவது போகணும். தனியா வரவிடக் கூடாது."

"அப்ப நீர்தான். சப்பாத்து கனதியா இருக்கோ? இல்லாட்டி என்ரையைப் போடும்." அவருடைய இன்னொரு சோடி பனி ஷூவை மாட்டிக்கொண்டேன்.

மகனை விட்டுப்போனாலும் பயம், கொண்டுபோனாலும் பயம். அவன் அப்போது என் கையால் தவிர யார் கொடுத்தாலும் சாப்பிட மாட்டான். கொண்டுபோனேன். மூன்று கம்பளிச் சட்டை போட்டேன். பாதி வழியில் ஒன்றைக் கழற்றினேன், திரும்பப் போட்டேன்.

மலையடிவாரம் தாண்டியதும் பனி. நான் முதன்முதலில் பார்த்த பனி. அழகு என்று நினைக்கக் கூட விடாமல் வழியெங்கும் கார்கள். சக்கரம் சுற்றிச் சுற்றி, புகை கக்கி, இருந்த இடத்திலேயே குழி பறித்துக்கொண்டிருந்தன. அக்காவின் வண்டி மாதிரியே உயரமான வண்டி ஒன்று சாதாரண டயரோடு எங்களை முந்திக்கொண்டு விறுவிறுவென்று ஏறியது. அடுத்த வளைவில் அதன் மூக்கு ஓடைப் பள்ளத்தில் இருந்தது. ஓட்டியவர் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். ஏறத்தான் ஏறிவிட்டார். நிற்க முடியவில்லை.

அக்கா ஒரு சமதளத்தில் கண்ணாடியைப் பார்த்தார். நான் மகனை இறுக்கிக்கொண்டேன். மிதித்தார். வண்டி பனியை மெல்லக் கடித்து, மாவில் கை வைத்தது போல அழுந்தி நின்றது.

"நிக்குமோ?" என்று கேட்டான் மகன், அக்காவின் குரலிலேயே.

"நிக்குது, ராசா."

இன்னும் மேலே ஒரு குடும்பம் சின்னக் காருக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. பின் ஸீட்டில் மூன்று பிள்ளைகள், மூக்கு சிவக்க. அக்கா இறங்கிப் போய் அவர்களோடு பேசிவிட்டு வந்து பின்கதவைத் திறந்தார். அவசரத்துக்கென்று வைத்திருந்த, வழுக்காமலிருக்க டயரைச் சுற்றி மாட்டும் சங்கிலிகளை எடுத்துக் கொடுத்துவிட்டார். நாளை நாங்கள் திரும்பும் வழியில் ரோட்டோரக் கம்பம் ஒன்றைக் காட்டி, அதில் மாட்டிவிடுங்கள் என்றாராம்.

"அக்கா, நமக்கு வேண்டாமா?"

"பிள்ளையள் இருக்கு. எங்களுக்கு ரயர் காணும்."

காணும் என்றால் போதும் என்று அர்த்தம். எனக்குப் போதவில்லை. சங்கிலி போன திசையையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனேன்.

மாலைக்குள் மேலே போய்ச் சேர்ந்தோம். இருட்டில் இறங்கக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டார். கொழுந்தனின் குடியிருப்பிலேயே படுத்தோம். அவரோடு ஒரே அறையில் இருந்த கோயமுத்தூர்க்காரப் பையன் எங்களுக்கு உப்புமா கிண்டிப் போட்டான். மாப்பிள்ளைத் தோழன் அவன்தான்.

காலையில் நான் வெளியே வந்தபோது அவன் குளித்து விபூதி இட்டுக்கொண்டு, இரண்டு கையிலும் வாளியோடு சிரித்தான். "அண்ணி, மாப்ளை வண்டி போற பாதைங்க, சும்மா உட முடியுங்களா? வெந்நி வச்சு மேலயிருந்து கீழ வரைக்கும் வாசல் தெளிச்சு உட்டிருக்கேன். மஞ்சத் தண்ணியும் ஊத்தியாச்சு. கோலந்தான் போடலைங்க. வெள்ளை மேல வெள்ளை தெரியாதுங்க."

உண்மையாகவே அழகாக இருந்தது. வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு இறங்கும் செங்குத்தான பாதை. நேற்று முழுக்கப் பனியாக இருந்தது, இன்று கறுப்பாக, ஈரமாக, பளபளவென்று, ஊரில் சாமி புறப்பாட்டுக்குக் கழுவிவிட்ட தெருபோல. கீழே அது வலப்பக்கம் திரும்பும். திரும்பாமல் நேரே போனால் பள்ளம்.

கொழுந்தன் பெட்டியோடு ஏறி உட்கார்ந்தார். நான் மகனோடு பின்னால். அக்கா என்ஜினை ஓடவிட்டு, பாதையைப் பார்த்தார். இறங்கினார். சப்பாத்து நுனியால் தரையைத் தொட்டார். பிறகு உள்ளே போய், இரவு உப்புமா சாப்பிட்ட அலுமினியத் தட்டு ஒன்றை எடுத்து வந்து, பாதையின் தலையில் மெதுவாக வைத்து விரலை எடுத்தார்.

தட்டு கிளம்பியது. முதலில் சோம்பலாக, பிறகு வேகமாக, பிறகு கண்ணுக்கே தெரியாமல். கீழே திருப்பத்தில் அது திரும்பவில்லை. பள்ளத்துக்குள் அது பாறைக்குப் பாறை இடித்து இறங்கும் ஓசை கொஞ்ச நேரம் கேட்டது.

"அது தட்டு," என்றார் அக்கா. "நாங்கள் ரெண்டு தொன் பாரம்."

"ஆனா பனி டயர்?" என்றேன்.

"பனியைத்தான் பிடிக்கும். இது பனி இல்லை, கண்ணாடி. வெந்நீர் ஊத்தினா பனி உருகும், உருகினது திரும்ப உறையும். இதுக்கு மேலை ஒரு ரயரும் நிக்காது." சங்கிலி இருந்தால் நின்றிருக்கும். அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

கொழுந்தன் கதவை உதைத்துத் திறந்தார். "உன்னை யாருடா தண்ணி ஊத்தச் சொன்னது? அறிவிருக்கா? ஆடி பொறக்கப்போகுது, அங்க எல்லாரும் காத்துக்கிட்டு..." பையன் வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். "நீங்களும் தட்டை வச்சு விளையாடுறீங்க! பக்கத்துல மண்ணைப் போட்டு இறங்கிப் போக வேண்டியதுதானே?"

அக்கா கைநீட்டி என்ஜினை நிறுத்தினார். மலை முழுவதும் திடீரென்று அமைதியானது.

"தம்பி, நீர் கத்தி முடியும். முடிஞ்சாப்பிறகு சொல்லும். அவசரம் இல்லை."

கொழுந்தன் வாயைத் திறந்தார். எனக்கு அந்தச் சைக்கிள் ஞாபகம் வந்தது. அவர் கண் அக்காவிடமிருந்து பையனிடம் போனது. விடியுமுன் எழுந்து கொதிநீரும் குளிருமாக மாறி மாறிப் பட்ட கைகள், மஞ்சளும் சிவப்புமாக வீங்கியிருந்தன. திறந்த வாய் திறந்தபடியே நின்றது. பிறகு மூடியது. அவர் தன் கம்பளிக் கையுறைகளைக் கழற்றி, பையனின் கைகளில் தானே மாட்டிவிட்டார். சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்தார்.

"எங்க வெட்டணும்? சொல்லுங்கக்கா."

அக்கா பாதைக்கு இடப்பக்கத்தைக் காட்டினார். அங்கே மரங்களுக்கு நடுவில் யாரும் தெளிக்காத, யாரும் மிதிக்காத பனி, முழங்கால் ஆழத்துக்கு, மேலிருந்து ரோடுவரை இறங்கியது. பாதைக்கும் அதற்கும் நடுவில் குவிந்திருந்த பனி வரப்பைக் கொழுந்தனும் பையனும் வெட்டினார்கள். அக்கா விளக்குமாற்றுக் கட்டையால் குத்திக் குத்தி, கீழே கட்டை இருக்கிறதா கல் இருக்கிறதா என்று கடைசிவரை நடந்து பார்த்தார்.

"நீர் பிள்ளையோடை நடந்து வாரும்," என்றார் என்னிடம். "எனக்கு நம்பிக்கை இருக்கு. ஆனா பிள்ளையை வைச்சுப் பரீட்சை பாக்கிறதில்லை."

அவர்மேல் நான் வைத்திருந்த பழைய பயம் அந்த வார்த்தையில் கரைந்து போனது. புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவருடைய பெரிய சப்பாத்தில், மகனைத் தோளில் போட்டுக்கொண்டு பனியில் இறங்கினேன். எங்களுக்குப் பக்கத்தில் அந்த வண்டி இறங்கியது. ஓடவில்லை, இறங்கியது. டயரின் பள்ளங்களில் பனி போய் அடைந்துகொண்டது. அடைந்த பனி தரைப் பனியைப் பிடித்துக்கொண்டது. பின்னால் பாய் முடைந்தது போல இரண்டு தடம் நேராக வந்துகொண்டிருந்தது. இரண்டடி தள்ளி அந்தக் கண்ணாடிப் பாதை மஞ்சளாக மின்னியது.

நட்டநடுச் சரிவில் வண்டி நின்றது.

நான் கத்தினேன். "என்ன அக்கா? மாட்டிக்கிச்சா?"

அக்கா ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினார். முகம் முழுக்கச் சிரிப்பு. "இல்லை. நிக்குதோ எண்டு பாத்தனான்."

"நிக்குது! நிக்குது!" என்று என் தோளில் குதித்தான் மகன். வண்டிக்குப் பின்னால் மண்வெட்டியோடு வந்துகொண்டிருந்த கொழுந்தனும் பையனும் பனியில் உட்கார்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவ்வளவு சத்தமாக நான் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று தெரியவில்லை.

அதன் பிறகு எல்லாம் எங்கள் பக்கம். பாதி மலையில், சொன்ன கம்பத்தில், சங்கிலிகள் மாலை போட்டது போலத் தொங்கின. பள்ளத்தில் மூக்கைக் கொடுத்திருந்தவரை ஒரு டிராக்டர் இழுத்துக்கொண்டிருந்தது. அவர் எங்கள் டயரைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். கொழுந்தன் வண்டிக்குள்ளேயே பட்டு வேட்டி மாற்றினார். நான் அவருக்குப் பொட்டு வைத்தேன்.

மண்டபத்துச் சந்தின் முனைக்கு வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. வாசலில் டேப் ரிக்கார்டரில் நாதஸ்வரம். ஆரத்தித் தட்டோடு பெண்கள், கைக்கடிகாரத்தைத் தட்டிக்காட்டும் ஐயர், இரண்டு கையையும் ஆட்டிக் கூப்பிடும் என் கணவர். அக்கா சந்தின் முனையிலேயே கண்ணாடியைப் பார்த்தார்.

"ஐயோ அக்கா, இப்பவா?"

"மலையிலை நிண்டது இஞ்சையும் நிக்குமெண்டு ஆர் சொன்னது? இந்த ரயருக்கு ஈரத் தார் ரோட்டு ஆகாது. வழுக்கும்."

மிதித்தார். வழுக்கத்தான் செய்தது. வண்டி கொஞ்ச தூரம் சறுக்கி நிற்க, வாசல் முழுக்க "ஆ!" என்றது. "இவ்வளவு தூரம் வேணும்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, ஊர்ந்து போய், மாப்பிள்ளை இறங்கும் கதவு ஆரத்தித் தட்டுக்கு நேர் எதிரே வரும்படி நிறுத்தினார். பனி டயரைக் கிண்டல் செய்த ஆண்கள்தான் முதலில் கைதட்டினார்கள்.

நானும் அக்காவும் பெண்ணைக் கூப்பிடப் பக்கத்து அறைக்குப் போனோம். அவள் கூரைப்புடவையில், இரவெல்லாம் அழுத கண்ணோடு எழுந்தாள். "வந்துட்டாரா?"

"வந்திட்டார், பிள்ளை," என்றார் அக்கா. "வழியிலை ஒருக்காக் கோபமும் வந்தது."

பெண்ணின் முகம் வாடியது. நான் பதறிப்போய் அக்காவின் கையைப் பிடித்தேன். அக்கா என்னைத் தட்டிக் கொடுத்துவிட்டு, அவள் நெற்றியில் சரிந்திருந்த சுட்டியை நேராக்கினார்.

"நல்ல சரிவு. நல்ல வழுக்கல். பாதியிலை நிண்டுது," என்றார். "நான் பாத்தனான். நீர் போய்க் கழுத்தை நீட்டும்."